பியானோ கற்கும் பெரியவர்களைத் தனி அறையில் அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பெரியவர்கள் புதிதாக இசைக்கருவி கற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம், இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பியானோவைப் பற்றிய பகுதியில் ஒரு வரி வந்தது: உண்மையாகக் கற்க நினைப்பவர்கள் தனி ஆசிரியரிடம் சேர வேண்டும், குழு வகுப்பெல்லாம் பொழுதுபோக்குக்குத்தான் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டிப் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் இருப்பதை வெட்டாதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். குழந்தைகளுக்கும் எடுக்கிறேன், பெரியவர்களுக்கும் எடுக்கிறேன், தனியாகவும் குழுவாகவும். இரண்டுமே எனக்குப் பிழைப்புதான், அதனால் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க இன்னொன்றை மட்டம் தட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

குழு வகுப்பு என்றதும் ஒரே பியானோவைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்க்கிற காட்சிதான் பலருக்கு மனதில் வருகிறது. நான் சொல்வது அது இல்லை. ஆறு பேர், மிஞ்சிப்போனால் எட்டு பேர். எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் ஒன்றுமே தெரியாமல் வந்தவர்கள். ஆளுக்கொரு டிஜிட்டல் பியானோ, ஆளுக்கொரு ஹெட்போன். ஆசிரியரின் மேசையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதிலிருந்து யார் வாசிப்பதையும் தனியாகக் கேட்கலாம், இரண்டு பேரை மட்டும் இணைத்துவிட்டு ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்கும்படி செய்யலாம், வேண்டும்போது எல்லாரையும் ஸ்பீக்கரில் விடலாம். வாரம் ஒரு மணி நேரம். தேர்வு கிடையாது, மேடை கிடையாது, இந்த மாதத்துக்குள் இதை முடித்தாக வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. அவ்வளவுதான்.

இதில் முதல் நாள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பியானோவில் 88 கட்டைகள், அதில் 52 வெள்ளை, 36 கறுப்பு. புதிதாக உட்காருகிறவருக்கு அதைப் பார்த்ததுமே வயிற்றில் ஒரு பயம் வரும், இத்தனையையும் எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்று. நினைவு வைக்க வேண்டாம். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, பாருங்கள் என்று சொல்வேன். இரண்டு கறுப்புக்கு இடதுபக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை எங்கே வந்தாலும் அது 'சி', மேற்கத்திய இசையில் ஒரு சுரத்தின் பெயர். இதைச் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் பியானோ முழுக்க இருக்கிற எல்லா 'சி'யையும் ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் கறுப்புக் கட்டைகளை மட்டும் இஷ்டத்துக்கு வாசியுங்கள் என்பேன், நான் இடதுபக்கம் ஒரு மெதுவான தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசித்தால் ஒன்றோடொன்று உரசுகிற அரைச் சுர இடைவெளி எங்கேயும் வராது, எதை அழுத்தினாலும் காதுக்கு ஒத்துப்போகும். ஆறு பேர் ஆளுக்கொன்றாக எதையோ வாசிக்க, கேட்பதற்கு நன்றாகவே இருக்கும், அவர்களுக்கே நம்ப முடியாது. 'ஐந்தில் வளையாதது' என்று ஆரம்பிக்கிற பழமொழியை எல்லா முதல் வகுப்பிலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார் (யாரும் சொல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம்), ஆனால் இந்தக் கறுப்புக் கட்டை விளையாட்டுக்கு அப்புறம் அதை மறுபடி சொன்னவர் யாரும் இல்லை.

இனி முக்கியமான இடம். பெரியவர்களுக்குப் பியானோ ஏன் கடினமாக இருக்கிறது? விரல் விறைத்துப்போச்சு, மூளை மந்தமாகிவிட்டது என்றெல்லாம் அவர்களே காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது இல்லை. அவர்களுடைய காது விரலைவிட முப்பது நாற்பது வருடம் முன்னால் இருக்கிறது, அதுதான் சிக்கல். எட்டு வயதுப் பிள்ளை தான் வாசித்தது எப்படி இருந்தாலும் அதைக் கேட்டுச் சந்தோஷப்படும். நாற்பத்தைந்து வயதுக்காரர் வாழ்க்கை முழுக்க நல்ல இசையைக் கேட்டவர், அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று அவருக்கு அணுஅணுவாகத் தெரியும், தன் கையிலிருந்து வருவது அது இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். அதனால் ஒரு சுரம் தப்பியதும் நிறுத்துவார். நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி அதே இடத்தில் தப்பும், மறுபடி முதலிலிருந்து. இப்படியே போனால் ஒரு பாட்டின் முதல் இரண்டு வரி அவருக்குத் தலைகீழாகத் தெரியும், கடைசி வரியை அவர் விரல் தொட்டே இருக்காது. அதைவிட மோசம், அந்த இடத்தில் நின்று திரும்புவதையே அவருடைய கை கற்றுக்கொண்டுவிடும். தப்புவதும் நிற்பதும் சேர்ந்தே பாட்டின் ஒரு பகுதியாகிவிடும். வீட்டில் தனியாகப் பழகுகிற பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த வியாதி இருக்கிறது.

தனி வகுப்பில் இதைச் சரிசெய்வது மகா கஷ்டம், நான் அனுபவத்தில் சொல்கிறேன். 'நிறுத்தாமல் போங்கள், தப்பினால் பரவாயில்லை' என்று எத்தனை தரம் சொன்னாலும், பக்கத்தில் ஒரு ஆசிரியர் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மானமுள்ள மனிதராலும் தப்பைத் தாண்டிப் போக முடியாது. மன்னிப்புக் கேட்பார்கள். ஒரு கண் அறுவை மருத்துவர் என்னிடம் தனியாகக் கற்றார், வேலையில் அவருடைய கை அசையாது, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஐந்து விரலும் நடுங்கும். அவரைக் குழுவுக்கு மாற்றினேன், நடுக்கம் கொஞ்சநாளில் காணாமல் போனது.

குழுவில் என்ன மாறுகிறது? மற்றவர்கள் நிற்க மாட்டார்கள், அதுதான் மாறுகிறது. ஆறு பேர் ஒரு எளிய மெட்டைச் சேர்ந்து வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு சுரம் தவறினால் பாட்டு உங்களுக்காகக் காத்திருக்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு நொடி கையை எடுத்து, கேட்டு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பிடித்து, அடுத்த அடியில் உள்ளே போக வேண்டும், சுற்றுகிற கயிற்றுக்குள் சமயம் பார்த்துக் குதிக்கிற பிள்ளைகள் மாதிரி. வாசிப்பு என்பதில் பாதி இந்தத் திறமைதான். மேடையில் வாசிக்கிற தேர்ந்த கலைஞர்களுக்கும் தப்பு வருகிறது, அவர்கள் நிற்பதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, தாளத்தைத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் கருவியும் இதைக் கற்றுத் தராது, ஏனென்றால் மெட்ரோனோமை நாம் அணைத்துவிடலாம். பக்கத்து நாற்காலிக்காரரை அணைக்க முடியாது. இதற்கு நான் செய்கிற ஒரு வழி இருக்கிறது: முதல் சுற்றில் ஒவ்வொரு தாள அளவின் முதல் அடியை மட்டும் எல்லாரும் வாசிக்க வேண்டும், மற்றதை விட்டுவிடலாம். அடுத்த சுற்றில் முடிந்தவர்கள் இரண்டு அடி. அதற்கடுத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு. யாரும் நிற்பதில்லை, யாரும் பாட்டின் கடைசிக்கு வராமல் போவதும் இல்லை. மூன்று மாதத்தில் அந்தத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் பெரும்பாலும் போய்விடுகிறது. தனி வகுப்பில் எனக்கு இது ஒரு வருடம் பிடிக்கும், சில பேருக்குப் போவதே இல்லை.

இன்னொன்று, பெரியவர்கள் தங்களை யாரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பது. தனியாகக் கற்கிறவர் ஆசிரியரோடு ஒப்பிடுவார், அல்லது வீடியோவில் பார்த்த ஏழு வயது மேதையோடு. இரண்டிலும் மனசு ஒடியும். குழுவில் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் உட்கார்ந்து, அதே இடத்தில், அதே நான்காம் விரலோடு (கட்டைவிரலை ஒன்று என்று எண்ணினால் மோதிர விரல்) மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஓஹோ, இது எனக்கு மட்டும் இல்லையா என்று புரிகிற அந்த நிமிடத்தில் தோள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தோள் என்று சொன்னதும் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், கட்டுரையில் அது ஒரு வார்த்தைகூட இல்லை. பியானோவில் நிதானம் என்பது மனநிலை மட்டும் இல்லை, வாசிப்பு நுட்பமே அதுதான். நாற்காலியின் உயரம் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருகிற மாதிரி இருக்க வேண்டும், மணிக்கட்டு மேலேயும் தூக்காமல் கீழேயும் தொங்காமல் இருக்க வேண்டும், விரல்கள் இயல்பாக வளைந்திருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. பெரியவர்கள் கவனம் செலுத்தும்போது முதலில் மூச்சைத்தான் நிறுத்துகிறார்கள், அப்புறம் கட்டைவிரல் இறுகும், அங்கிருந்து மணிக்கட்டு, முன்கை என்று ஏறும். நான்காம் விரல் சொன்னபடி கேட்காததற்குச் சோம்பல் காரணம் இல்லை. அந்த விரலை நிமிர்த்துகிற தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு இணைந்திருக்கிறது, அதனால் அது மற்ற விரல்களைப் போலத் தனியாக எளிதில் உயராது. முரட்டுத்தனமாகப் பழக்கினால் காயம்தான் மிஞ்சும். ராபர்ட் ஷூமன் பெரிய பியானோ கலைஞராக வர நினைத்தவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே வலது கை கெட்டு அந்த ஆசையை விட்டு, இசையமைப்பில் முழுதாக இறங்கினார். கை கெட்டதற்குக் காரணம் எது என்று இன்றும் வாதம் நடக்கிறது, விரலைப் பழக்குவதற்காக அவர் பயன்படுத்திய ஒரு கருவிதான் காரணம் என்பது அதில் பிரபலமான ஒன்று. இருபது வயதுக்காரருக்கே இந்தக் கதி என்றால், நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருகிற ஐம்பது வயது மணிக்கட்டை எவ்வளவு மெதுவாக நடத்த வேண்டும் என்று யோசியுங்கள். குழு வகுப்பில் இயல்பாகவே ஓய்வு கிடைக்கிறது, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்பார், கேட்கும்போது கை மடியில் இருக்கும். தனி வகுப்பில் அந்த முக்கால் மணி நேரமும் கையைக் கசக்கிப் பிழிந்தால்தான் கற்றது போல ஒரு எண்ணம் இரண்டு தரப்புக்கும் வந்துவிடுகிறது.

சரி, வரலாறு. குழுவாகப் பியானோ கற்பது ஏதோ ஆசிரியர் கிடைக்காத காலத்துக்கு வந்த மாற்று ஏற்பாடு மாதிரி கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. யோஹான் பெர்ன்ஹார்ட் லோஜியர் என்று ஒருவர், 1777-ல் ஜெர்மனியில் காசெல் நகரில் பிறந்து அயர்லாந்தில் போய்க் குடியேறியவர், இருநூறு வருடத்துக்கு முன்பே டப்ளினில் பல பியானோக்களை ஒரே அறையில் போட்டு மாணவர்களை ஒன்றாக வாசிக்கவைத்தார். அவருடைய முறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: புதிதாக வந்தவர்கள் எளிமையான மூல மெட்டை வாசிப்பார்கள், தேறியவர்கள் அதே சமயத்தில் அதே மெட்டின் சிக்கலான வடிவங்களை வாசிப்பார்கள், எல்லாம் ஒன்றாகப் பொருந்தும். அந்த முறை லண்டன், பெர்லின் வரை போனது. கிண்டலும் எதிர்ப்பும் கிளம்பாமல் இல்லை. அதே மனிதர்தான் 1814-ல் கையைச் சட்டத்துக்குள் வைத்து நேராகப் பிடிக்கிற 'கைரோபிளாஸ்ட்' என்ற கருவிக்குக் காப்புரிமையும் வாங்கினார், அதை நான் ஆதரிக்க மாட்டேன், யார் கையையும் சட்டத்துக்குள் விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெட்டு யோசனை இன்றைக்கும் நூற்றுக்கு நூறு வேலை செய்கிறது. அப்புறம் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட், வயதான காலத்தில் ஜெர்மனியின் வைமர் நகரில் கற்றுக்கொடுத்ததெல்லாம் குழுவில்தான், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே வந்தவர்கள் தொடக்கநிலைக்காரர்கள் இல்லைதான், இருந்தாலும் அடுத்தவர் பாடத்தைக் கேட்டுக் கற்பது மட்டமான வழி என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்கக் கல்லூரிகளில் மின் பியானோக்களும் ஹெட்போன்களும் வைத்த வகுப்பறைகள் வந்தன, இன்றும் அங்கே வயலினோ பாட்டோ முதன்மையாகப் படிக்கிற இசை மாணவர்கள் பியானோவின் அடிப்படையைக் குழுவாகத்தான் கற்கிறார்கள்.

பாடத்திட்டத்துக்கு வருகிறேன். பெரியவர்களும் முதல் கிரேடிலிருந்து தேர்வு எழுதி ஏற வேண்டும், அப்போதுதான் முன்னேற்றம் தெரியும் என்று கட்டுரையில் வந்தது. பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்த வேலையைச் செய்கின்றன, அவற்றில் ஒன்றான ஏபிஆர்எஸ்எம் 1889-ல் தொடங்கியது, எட்டு கிரேடுகள் கொண்ட அந்த ஏணி நல்ல ஏணிதான், குழந்தைகளை நானே அனுப்புகிறேன். தேர்வு பிடிக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரு கிரேடு தேர்வுக்கு வழக்கமாக மூன்று உருப்படிகளைத் தயார் செய்ய வேண்டும், கூடவே ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது), முன்பின் பார்க்காத தாளைப் பார்த்து வாசித்தல், காதுப் பயிற்சி. பல மாதம் அந்த மூன்றையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்வு முடிந்ததும் 'ஏதாவது வாசியுங்களேன்' என்று வீட்டுக்கு வந்தவர் கேட்டால் அந்த மூன்றைத் தவிர வேறு ஒன்றும் கையில் இருக்காது. அந்த மாதங்களில் நிதானமான குழு வகுப்பில் முப்பது நாற்பது சின்னச் சின்ன உருப்படிகளைத் தொட்டுப் பார்த்துவிடலாம், எதுவும் கச்சிதமாக இருக்காது, ஆனால் புதிதாக ஒரு தாளைப் பார்த்ததும் பயப்படாமல் உட்காரத் தெரியும். ஐம்பது வயதில் ஆரம்பிக்கிறவருக்கு இரண்டாவதுதான் உபயோகம் என்பது என் தீர்மானமான கருத்து.

நோட்ஸ் (தாளில் எழுதிய சுரக் குறிகள்) படிக்கக் கற்க வேண்டுமா, கார்ட்ஸ் (பல சுரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து அழுத்துவது) போதுமா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. இரண்டும் வேண்டும், ஆனால் கார்ட்ஸ் முதலில் வரட்டும். சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகளை இடது கையில் பிடிக்கத் தெரிந்து, வலது கையில் ஒரு விரலால் மெட்டு வாசிக்க வந்துவிட்டால் நூற்றுக்கணக்கான எளிய பாட்டுகள் திறந்துகொள்ளும். தனக்குப் பிடித்த ஒரு பாட்டை, எவ்வளவு எளிமையாக இருந்தாலும், முதல் சில வாரங்களிலேயே வாசிக்க முடிந்தவர்கள் வகுப்பை விட்டுப் போவதில்லை. நோட்ஸ் எழுதுகிற ஐந்து கோடு, மேல் சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப், கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிளெஃப் என்ற குறிகள் எல்லாம் அதன் பக்கத்திலேயே மெதுவாக வரலாம். இரண்டு கையையும் சேர்க்கும்போதும் எளிதானது முதலில் வரட்டும், ஆனால் பல புத்தகங்கள் இரண்டு கையையும் ஒரே திசையில் ஓடவிடுகின்றன. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்பது இரண்டு கைக்கும் பொது, கைகளோ ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஆகவே ஒரே திசையில் போனால் வலது கையின் 1 வரும்போது இடது கையில் 5 வர வேண்டும், மூளை குழம்பும். இரண்டு கட்டைவிரலையும் நடு 'சி'யில் வைத்து வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டே போனால் இரண்டு கையிலும் ஒரே சமயத்தில் ஒரே விரல், முதல் நாளே வந்துவிடும். சி மேஜர் ஸ்கேலையே இப்படி எதிரெதிர்த் திசையில் ஆரம்பிக்கலாம். சங்கராபரணம் பாடத் தெரிந்தவர் என்றால் அந்தச் சுரங்கள் ஏற்கெனவே காதில் இருக்கும், விரல் மட்டும் வந்து சேர்ந்தால் போதும்.

குழு வகுப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் போக மாட்டார்கள். ஒருவர் தினமும் பழகிவிட்டு வருவார், ஒருவர் மூன்று வாரம் வராமல் இருந்துவிட்டு வருவார், இரண்டு பேரையும் ஒரே பாட்டில் உட்காரவைக்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், லோஜியர் செய்த மாதிரி ஒரே மெட்டை மூன்று கடினத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும், அதற்கு வகுப்புக்கு முன் வேலை இருக்கிறது. பல இடங்களில் அந்த வேலையைச் செய்வதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இசைப் பள்ளியில் பெரியவர்கள் குழு என்று பெயர் வைத்துவிட்டு முயல், கரடிப் படம் போட்ட குழந்தைகள் புத்தகத்தைத்தான் கையில் கொடுத்தார்கள், இடம் நிரம்பவில்லை என்று பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் நடுவில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பாடத்தில் முன்னால் பறந்துவிட்டன, பெரியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், அப்புறம் 'பெரியவர்களுக்குப் பொறுமை இல்லை' என்று நிர்வாகம் முடிவு கட்டியது. உங்கள் கட்டுரையாளர் பார்த்தது இந்த மாதிரி வகுப்பாக இருக்கலாம், அப்படியென்றால் அவர் கோபம் நியாயம்தான். அதேபோல, நிதானம் என்ற பேரில் எதையும் திருத்தாமல், 'அருமை, அருமை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிற ஆசிரியர்களும் உண்டு. அது பெரியவர்களுக்கு உடனே புரிந்துவிடும், அவமானமாகவும் இருக்கும். மணிக்கட்டு இறுகினால் சொல்ல வேண்டும், விரல் எண் தவறினால் சொல்ல வேண்டும், ஹெட்போன் வழியாக அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னால் போதும்.

தனி வகுப்பு தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பீத்தோவனின் ஒரு சொனாட்டாவை வாசித்தே தீருவேன் என்று வருகிறவர், கையில் பழைய காயம் இருக்கிறவர், கூட்டத்தில் உட்காரவே முடியாதவர், இவர்களைக் குழுவில் போடுவது தப்பு. முதல் ஒரு வருடம் குழுவிலும் அப்புறம் தனியாகவும் போவது பலருக்கு நன்றாகவே அமைகிறது.

வீட்டில் வைக்கிற கருவி பற்றி உங்கள் கட்டுரை சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஒரே ஒரு திருத்தம். கட்டை எத்தனை என்பதைவிட, அழுத்துகிற வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறதா என்பதுதான் முக்கியம். 1700 வாக்கில் ஃபுளோரன்ஸில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி கம்பியைச் சுத்தியலால் தட்டுகிற கருவியைச் செய்ததே அதற்காகத்தான், அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் கம்பியை மீட்டுகிற சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். தொடுகைக்குப் பதில் சொல்லாத கீபோர்டில் பழகினால் அந்த முந்நூறு வருடத்தைப் பின்னால் தள்ளிய மாதிரி ஆகிவிடும். தொடுகை உணர்கிற 61 கட்டை கீபோர்டு முதல் சில மாதங்களுக்குத் தாங்கும். நிஜப் பியானோ மாதிரி அழுத்தும்போது கட்டையில் எடை தெரிகிற 88 கட்டைக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. ஞாயிறு அன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் பதினைந்து இருபது நிமிடம் மேல். விரல் வரிசைகள் உறங்கி எழுந்த பிறகு முன்பைவிடச் சரளமாக வருவது ஆய்வுகளில் கண்ட விஷயம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் பழகினால் அந்த உறக்கத்தின் பலன் ஒரு இரவுக்குத்தான்.

கடைசியாக அந்த மூளை விஷயம். பியானோ கற்றால் மறதிநோய் வராது என்று பெட்டிச்செய்தி போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 31 பெரியவர்களை வைத்து 11 வாரம் நடத்திய ஒரு ஆய்வு 2022-ல் வந்தது, வாரம் ஒரு மணி நேரம் பியானோ கற்றவர்களுக்குக் காதும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை மேம்பட்டது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாகச் சொன்னார்கள் என்றது அது. நல்ல செய்தி, ஆனால் 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதிலிருந்து மறதிநோய்க்குத் தாவ வழியே இல்லை. மருந்து என்று நினைத்து வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் தங்கள் நினைவாற்றல் கூடியிருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருப்பார்கள், வாசிப்பில் மனசு போகாது. பாட்டு பிடித்து வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சேர நினைக்கிற வாசகர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத இடத்தை விட்டுவிடுங்கள். எட்டு பேருக்கு மேல் இருக்கிறார்களா, எல்லாருக்கும் கருவி இருக்கிறதா, ஒரு மணி நேரத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது சேர்ந்து வாசித்தார்களா, பின்தங்குகிற ஆளை ஆசிரியர் எப்படி நடத்துகிறார், இதையெல்லாம் பாருங்கள். வகுப்பு முழுக்க ஹெட்போனிலேயே போய்விட்டால் அது குழு வகுப்பே இல்லை, ஒரே அறையில் நடக்கிற ஆறு தனி வகுப்பு.

அடுத்த தடவை இதைப் பற்றி எழுதும்போது குழுவில் கற்கிற பெரியவர் ஒருவரிடமும் நாலு வார்த்தை கேட்டுப் போடுங்கள். உங்கள் நிருபர் என் வகுப்புக்கும் வரலாம், ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார விட மாட்டேன், கறுப்புக் கட்டைகளையாவது வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை